கதைசொல்லியை எங்கே உட்காரவைப்பது?

எங்கள் நாடகக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு நகைச்சுவைக் கதையை நகலெடுத்துக்கொண்டு வருவார்கள். "சார், இதை அப்படியே போடலாம். வசனம் எல்லாம் தயாராக இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி இருந்தால் போதும்" என்பார்கள். நான் அவர்களிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, படிக்கும்போது சிரிப்பு வந்த இடங்களில் மட்டும் அடிக்கோடு போட்டுக்கொண்டு வரச்சொல்வேன். மறுவாரம் தாளைப் பார்த்தால் கோடுகளில் பாதிக்கு மேல் வசனத்துக்கு வெளியே விழுந்திருக்கும்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் கந்தசாமிப் பிள்ளை நிற்கிறார். சும்மா நிற்கவில்லை, 'ஆபத்தில்லாத ஓரத்தில்' நிற்கிறார். அவர் வாயைத் திறக்கும் முன்பே ஆளின் குணம், பட்டணத்தின் குணம், இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் எழுத்தாளரின் குணம் மூன்றும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. மேடையில் ஒரு நடிகரை ஓரமாக நிற்கவைப்பது சுலபம். ஆனால் அந்தப் பெயரடையை நடித்துக் காட்டச் சொன்னால் எந்த நடிகரும் திருதிருவென்று விழிப்பார். சிரிக்கவைத்தவர் பிள்ளை அல்லர், அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர். நாடகமாக்கும்போது நாம் முதலில் வெளியே அனுப்புவது அவரைத்தான்.

இந்தச் சிக்கலை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ். எங்கள் தலைமுறையில் பலருக்கும் அவர் அறிமுகமானது சோவியத் காலத்து முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் புத்தகங்கள் வழியாகத்தான். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் கொள்ளை மலிவாகக் கிடைக்கும். அவரைச் சோகமான எழுத்தாளராகவே நாங்கள் படித்தோம். இளமையில் அவர் வயிற்றுப்பாட்டுக்காக வார இதழ்களில் சிரிப்புக் கதை எழுதிக் குவித்தவர் என்பது பிறகுதான் உறைத்தது. அந்தோஷா செகோந்தே என்ற புனைபெயரில், பீட்டர்ஸ்பர்க்கில் லேய்க்கின் நடத்திய 'அஸ்கோல்கி' என்ற நகைச்சுவை வார இதழுக்கு எழுதினார். கதை ஏறக்குறைய நூறு வரிகளுக்குள் அடங்க வேண்டும் என்பது லேய்க்கினின் கண்டிப்பு. நூறு வரி என்றால் மேடையில் பத்து நிமிடம். அமெச்சூர் குழுக்கள் செகாவைச் சுற்றி வட்டமிடுவதற்கு இந்த அளவும் ஒரு காரணம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. செகாவ் தம் கதைகளில் சிலவற்றைத் தாமே ஓரங்க நாடகங்களாக மாற்றினார். கதையையும் நாடகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், எதை வெட்டினார், எதைச் சேர்த்தார் என்பதை வரிவரியாகப் பார்க்கலாம். இதைவிட நல்ல பயிற்சி வகுப்பு எனக்குத் தெரிந்து கிடையாது, அதுவும் இலவசமாக.

1887-இல் வந்த 'ஆதரவற்ற ஜீவன்' என்ற கதையைச் சொல்கிறேன். கிஸ்தூனவ் என்ற வங்கி அதிகாரி. இரவெல்லாம் மூட்டுவலியில் தூங்காமல் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். ஷூக்கினா என்ற அம்மாள் மனுவோடு வருகிறாள். அவள் கணவனுக்கு வேலை போய்விட்டது. சம்பளத்தில் 24 ரூபிள் 36 கோபெக் பிடித்துக்கொண்டார்கள். அதைத் திருப்பித் தர வேண்டும். கணவன் வேலை பார்த்தது ராணுவ மருத்துவத் துறையில். இது தனியார் வங்கி. "அம்மா, நீங்கள் இடம் மாறி வந்துவிட்டீர்கள்" என்று அவர் எத்தனை விதமாகச் சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. "நான் ஆதரவற்ற, பலவீனமான பெண்பிள்ளை" என்று தொடங்கி, இன்று காப்பியைக்கூட ரசித்துக் குடிக்க முடியவில்லை என்பது வரைக்கும் சொல்லி அழுகிறாள். தாங்க முடியாமல் அவர் சொந்தப் பையிலிருந்து 25 ரூபிள் எடுத்துக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டவள் உடனே கேட்கிறாள்: என் வீட்டுக்காரருக்கு அந்த வேலையைத் திரும்ப வாங்கித்தர முடியுமா?

இந்தக் கதையில் நான் அடிக்கோடு போட்ட இடங்களைப் பார்த்தேன். பழைய மேலங்கி அணிந்த அந்த அம்மாள் பின்னாலிருந்து பார்த்தால் பெரிய சாணி வண்டு மாதிரி இருக்கிறாள் என்கிறார் செகாவ். அது போயிற்று, மேடையில் அவளுக்கு எந்த உடை போட்டாலும் அந்த வண்டு வராது. அடுத்து முடிவு. கிஸ்தூனவ் நெஞ்சு படபடக்க வீட்டுக்குப் போய்விடுகிறார். அலுவலகமே நரம்புத் தளர்ச்சிக்குச் சொட்டு மருந்து குடித்துவிட்டு வேலைக்கு உட்காருகிறது, அவளோ இன்னும் இரண்டு மணி நேரம் முன்கூடத்தில் வாயிற்காவலனோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மறுநாளும் வந்தாள் என்று கதை முடிகிறது. கதைசொல்லி இரண்டு மணி நேரத்தையும் அடுத்த நாளையும் இரண்டு மூன்று வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார். மேடையில் அப்படித் தாண்ட முடியாது. விளக்கை அணைத்து, 'மறுநாள்' என்று அட்டை பிடித்துக் காட்டினால் சிரிப்பு இருட்டிலேயே கரைந்துவிடும்.

செகாவ் என்ன செய்தார் என்பதுதான் வேடிக்கை. 1891-இல் இதை 'ஆண்டுவிழா' என்ற ஓரங்க நாடகமாக எழுதினார். அம்மாளின் பெயர் மெர்ச்சூத்கினா ஆகிவிட்டது. வழக்கு அதேதான், தொகையும் அதேதான். ஆனால் அன்று வங்கிக்குப் பதினைந்தாவது ஆண்டு நிறைவு. இன்னும் சற்று நேரத்தில் பங்குதாரர்கள் குழுவாக வந்து தலைவர் ஷிப்பூச்சினுக்கு வாழ்த்துமடல் வாசிக்கப்போகிறார்கள். அந்த வாழ்த்துமடலை எழுதியவரே ஷிப்பூச்சின்தான். பரிசாகத் தரப்போகும் வெள்ளிக் குவளையையும் அவரே வாங்கி வைத்திருக்கிறார். மடலுக்கு அட்டை கட்டிய செலவு மட்டும் 45 ரூபிள். பக்கத்து மேசையில் பெண்கள் என்றாலே எரிந்து விழும் ஹீரின் என்ற குமாஸ்தா, அவருக்காக அறிக்கை எழுதிக்கொண்டு கணக்கு மணியை உருட்டிக்கொண்டிருக்கிறான். இது போதாதென்று ஷிப்பூச்சினின் மனைவி ஊரிலிருந்து வந்திறங்கி, ரயிலில் நடந்தது, தங்கையின் காதல் என்று நிறுத்தாமல் பேசுகிறாள். அவள் பேச்சுக்கு நடுவே மெர்ச்சூத்கினா நுழைகிறாள்.

வண்டு உவமையை ஈடுகட்ட இவ்வளவு. கதைசொல்லி போன இடத்தில் செகாவ் ஒரு கடிகாரத்தை மாட்டிவிட்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன். கதையில் கிஸ்தூனவுக்கு அவசரம் கிடையாது, தலைவலிதான். நாடகத்தில் ஷிப்பூச்சினுக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர்போகிற விஷயம், ஏனென்றால் கதவு எந்த நேரமும் திறக்கலாம். அந்த அம்மாள் கதையில் சொன்னதையேதான் நாடகத்திலும் சொல்கிறாள். கேட்பவருக்கு நேரம் இல்லை என்பதால் அதே வாக்கியங்கள் இரண்டு மடங்கு சிரிப்பு தருகின்றன. கடைசியில் அவளை வெளியே தள்ளச் சொன்னால் ஹீரின் ஆள் மாறித் தலைவரின் மனைவியைத் துரத்துகிறான். கூச்சல், மயக்கம், நாற்காலி மேல் ஏறுதல். அந்த நேரத்தில் கதவு திறக்கிறது. பங்குதாரர்கள் வெள்ளிக் குவளையோடு நிற்கிறார்கள். ஒருவர் வாழ்த்துமடலை வாசிக்கத் தொடங்குகிறார்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். இந்த நாடகத்தை வங்கி ஊழியர்கள் நிறைந்த ஓர் அரங்கில் போட்டோம். ரஷ்யப் பெயர்களை எடுத்துவிட்டு ஒரு கூட்டுறவு வங்கி ஆக்கினோம். அம்மாள் கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து ரேஷன் அட்டை, மருத்துவச் சீட்டு, மின்கட்டண ரசீது என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்புவாள். தேவையான காகிதம் மட்டும் வராது. அவள் உள்ளே நுழைந்து பையின் முடிச்சை அவிழ்த்தவுடனேயே அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் பாதிப் பேர் அதே அம்மாளை அன்று காலைதான் பார்த்திருப்பார்கள். வாழ்த்துமடலையும் பொன்னாடையையும் தலைவரே ஏற்பாடு செய்திருக்கிறார் என்று தெரிந்தபோது வந்த கைத்தட்டலுக்கு விளக்கம் தேவையில்லை.

தொகையில்தான் தடுமாற்றம். 24 ரூபாய் 36 காசுக்கு இன்று யாரும் வங்கிப் படியேற மாட்டார்கள். 2,436 ரூபாய் என்று மாற்றினால் அது வெறும் தொகையாகிவிடுகிறது. அந்தச் சில்லறைப் பிடிவாதம் போய்விடுகிறது. எங்கள் நடிகை ஒருவர் ஒத்திகையில், "2,436 ரூபாய் 36 காசு" என்று அழுத்திச் சொன்னார். தலைவராக நடித்தவர் தன்னையறியாமல் சட்டைப் பையைத் தடவி 36 காசைத் தேடினார். 25 காசும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011-இலேயே செல்லாமல் போய்விட்டன. கொடுக்க மனம் வந்தாலும் அவரால் கணக்கைத் தீர்க்க முடியாது. தீர்க்காமல் அவள் போகவும் மாட்டாள். அந்தத் தேடலை அப்படியே வைத்துக்கொண்டோம். இடம்மாற்றித் தழுவும்போது மூலத்துக்கு நேர்மையாக இருப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். மூலத்தின் சிரிப்பு எந்த எலும்பில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் சதையை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது என் கட்சி.

செகாவ் மற்ற கதைகளிலும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார். 'ஜெனரல் வந்த கல்யாணம்' என்ற 1884-ஆம் ஆண்டுக் கதை, பிறகு 'திருமணம்' என்ற நாடகமாயிற்று. விருந்துக்குப் பெருமை சேர்க்கக் கூலி கொடுத்து ஒரு ஜெனரலை அழைத்துவரச் சொல்கிறார்கள். வந்து சேர்கிறவர் ஓய்வுபெற்ற கடற்படைக் கிழவர். நடுவில் ஒருவன் பணத்தைச் சுருட்டிக்கொண்டது அவருக்குத் தெரியாது. பாய்மரம் ஏற்றும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக முழங்குகிறார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அச்சில் நாம் கண்ணால் தாவிவிடக்கூடிய அந்தப் பத்தி மேடையில் முழு ஆட்டமாகிவிடுகிறது. 'கால்காஸ்' என்ற கதையை 'அன்னப்பறவையின் பாட்டு' ஆக்க ஒரு மணி ஐந்து நிமிடம்தான் ஆயிற்று என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதில் கதைசொல்லிக்கு வேலையே குறைவு. வெறும் நாடக அரங்கில் போதை தெளிந்து எழும் ஒரு கிழட்டு நடிகன், கூடவே வசனம் எடுத்துக்கொடுக்கும் பணியாள். கதையே பாதி மேடையில் நிற்கிறது.

எனக்கு இதைவிடச் சுவாரசியமானது அவர் தொடாமல் விட்ட பட்டியல். 'குமாஸ்தாவின் மரணம்', 'பச்சோந்தி', 'ஒல்லியும் பருமனும்' என்று உலகமெல்லாம் தெரிந்த கதைகளை அவர் நாடகமாக்கவே இல்லை. அவர் போன பிறகு மற்றவர்கள் பாய்ந்தார்கள். அவர் இறந்த 1904-ஆம் ஆண்டின் இறுதியிலேயே மாஸ்கோ கலை அரங்கம் 'அறுவை சிகிச்சை' உள்ளிட்ட சில குட்டிக் கதைகளை மேடையேற்றியது. 1973-இல் அமெரிக்க நாடக ஆசிரியர் நீல் சைமன் 'நல்ல டாக்டர்' என்ற பெயரில் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்குக் கொண்டுபோனார். 1988-இல் பிரிட்டிஷ் நாடக ஆசிரியர் மைக்கேல் ஃப்ரேன் கோத்த தொகுப்பில் நகைச்சுவை நடிகர் ரோவன் அட்கின்சன் நடித்தார். இந்த இருவருமே கை வைத்த கதைகளில் ஒன்று 'குமாஸ்தாவின் மரணம்', அதாவது அந்தத் தும்மல் கதை.

தும்மல் கதை இவ்வளவுதான்: நாடகம் பார்க்கும்போது ஒரு குமாஸ்தா தும்மிவிடுகிறான், முன்வரிசையில் இருந்த ஜெனரலின் வழுக்கையில் சாரல் விழுகிறது. அவர் 'பரவாயில்லை' என்கிறார். இவன் மன்னிப்புக் கேட்கிறான், மீண்டும் கேட்கிறான், மறுநாள் அவர் அலுவலகத்துக்கே போய்க் கேட்கிறான், அதற்கடுத்த நாளும் கேட்கிறான். பொறுமை இழந்த ஜெனரல் 'வெளியே போ' என்று கத்துகிறார். வீட்டுக்குப் போனவன் சீருடையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்துச் செத்துப்போகிறான். 1883-இல் எழுதியது. தும்மலுக்குச் சற்று முன்பு கதைசொல்லி குறுக்கிட்டு, கதைகளில் இந்த 'ஆனால் திடீரென்று' அடிக்கடி வருகிறது, எழுத்தாளர்கள் சொல்வது சரிதான், வாழ்க்கை அப்படி எதிர்பாராதவற்றால் நிறைந்திருக்கிறது என்று நம்மோடு அரட்டை அடிக்கிறார். கடைசியில் சாவை அரை வாக்கியத்தில் முடிக்கிறார். முதல் சிரிப்பும் கடைசி அதிர்ச்சியும் அவர் கையில். அவரை அனுப்பிவிட்டால் மிஞ்சுவது தும்மும் ஓர் ஆள்.

சைமன் புத்திசாலி. கதைசொல்லியை வெளியேற்றாமல் 'எழுத்தாளர்' என்ற பாத்திரமாகவே மேடையில் ஏற்றிவிட்டார். அதுவும் ஒரு வழி. ஆனால் நான் பார்த்த பல குழுக்கள் இந்த உத்தியைக் கடன் வாங்கி, ஓரமாக ஒருவரைக் கையில் புத்தகத்தோடு நிறுத்திக் கதையை வாசிக்கவைக்கின்றன. நடிகர்கள் அவர் சொல்வதைச் செய்துகாட்டுவார்கள். 'அவன் தும்மினான்' என்பார், அவன் தும்முவான். பார்வையாளருக்கு ஒரே செய்தி இரண்டு தடவை.

நம்மிடம் இதற்குப் பழைய விடை ஒன்று இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதையைச் சொல்கிறான், ராஜாவைக் கிண்டல் செய்கிறான், கூட்டத்தோடு அன்றைய ஊர் வம்பைப் பேசுகிறான். ஆனால் சும்மா நின்று பேசுவதில்லை. அவன்தான் வாயிற்காவலன், அவன்தான் தூதுவன், அவன்தான் அடி வாங்கும் வேலைக்காரன். துரியோதனன் கூப்பிட்டால் பாதிக் கேலியை விழுங்கிக்கொண்டு ஓட வேண்டும். கதைக்கு வெளியே நின்று சிரிக்கிற உரிமை அவனுக்கு உண்டு, உள்ளே நின்று மாட்டிக்கொள்கிற ஆபத்தும் உண்டு. தும்மல் கதையை நாங்கள் போட்டபோது கதைசொல்லியை ஜெனரலின் அலுவலகப் பியூன் ஆக்கினோம். குமாஸ்தா ஒவ்வொரு முறை வரும்போதும் அவனை உள்ளே விட வேண்டியவரும், பிறகு ஜெனரலிடம் திட்டு வாங்க வேண்டியவரும் அவரே. 'ஆனால் திடீரென்று' என்று அவர் நம்மிடம் தத்துவம் பேசத் தொடங்கும்போது உள்ளேயிருந்து மணி அடிக்கும்.

சாவை இன்னும் நாங்கள் தீர்த்தபாடில்லை. நடிகர் படுத்தால் கூட்டம் அவர் எழுந்திருப்பார் என்று காத்திருக்கிறது. சிரிப்புக் கதையில் செத்தவர் எழுந்துவிடுவார் என்பது நம் நாடகப் பழக்கம். பியூன் வந்து மரணச் செய்தியைச் சொல்லி, அன்றைக்கு அலுவலகத்துக்கு விடுமுறை உண்டா என்று கேட்பதாக வைத்தோம். ஓரளவுக்கு நின்றது.

மராத்தியில் பு.ல. தேஷ்பாண்டே வேறு பாதையில் போனார். 'பட்டாட்யாச்சீ சாள்' என்று மும்பைக் குடியிருப்பு ஒன்றைப் பற்றி அவர் எழுதிய நகைச்சுவைச் சித்திரங்கள் 1958-இல் புத்தகமாயின. பிறகு அதைத் தனி ஆளாக மேடையில் நடத்தினார். குடியிருப்பின் அத்தனை மனிதர்களும் அவர் ஒருவரே, கதைசொல்லியும் அவரே. எழுதியவரே நடிகராகவும் பாடகராகவும் இருந்தால் இந்தக் கட்டுரையின் பிரச்சினையே எழாது. மற்றவர்களுக்கு அது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேஷ்பாண்டே மாதிரி பேசத் தெரியாதவர் தனி ஆளாக இரண்டு மணி நேரம் நிற்பதைப் பார்ப்பது கொடுமை.

கதைசொல்லி அதிகம் தேவைப்படாத கதையில் வேறொரு பொறி இருக்கிறது. செகாவின் ஒரு குட்டிக் கதையில் வீட்டுக்காரர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் யூலியா என்ற பெண்ணுக்கு இரண்டு மாதக் கணக்குத் தீர்க்கிறார். மாதம் 40 ரூபிள் என்கிறாள்; 30 தான் பேசினோம் என்கிறார். உடைந்த கோப்பைக்கு இவ்வளவு, மரமேறிச் சட்டையைக் கிழித்துக்கொண்ட பையனுக்கு இவ்வளவு என்று கழித்துக் கழித்து 11 ரூபிளில் நிறுத்துகிறார். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறாள். பிறகுதான் அவர் அது விளையாட்டு என்று சொல்லி, உறையில் வைத்திருந்த 80 ரூபிளைக் கொடுக்கிறார். முக்கால்வாசி அவர் பேச்சுதான், அப்படியே மேடையேற்றலாம். படிக்கும்போது நம் காது அவர் பேச்சில் இருக்கும். மேடையிலோ அந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவள் கண் சிவப்பதும், இருமுவதும், மூக்கைத் துடைப்பதும் கதையில் ஆளுக்கொரு சிறு வரி. அரங்கில் அவை அணையாமல் எரிந்துகொண்டே இருக்கின்றன. முதல் இரண்டு கழித்தலுக்குச் சிரித்த கூட்டம் மூன்றாவதற்குத் தயங்கும். நாலாவதற்கு யாராவது ஒருவர் மட்டும் சிரித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்ப்பார். நாங்கள் எப்போதும் நல்ல நடிகரைப் பேசுகிற பாத்திரத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். இந்தக் கதைக்குப் பிறகு கேட்கிற பாத்திரத்துக்கே முதலில் ஆள் தேடுகிறோம். ஷிப்பூச்சினும் கேட்கிறவர்தான், ஜெனரலும் கேட்கிறவர்தான்.

இப்போது 'பச்சோந்தி' ஒத்திகையில் இருக்கிறது. சந்தையில் ஒருவன் விரலை நாய் கடித்துவிட்டது. போலீஸ் அதிகாரி விசாரிக்கிறார். நாய் ஜெனரலுடையது என்றால் கடிபட்டவன் குற்றவாளி, தெருநாய் என்றால் நாய் குற்றவாளி. கூட்டத்தில் யாரோ ஒவ்வொரு தகவலாகச் சொல்லச் சொல்லத் தீர்ப்பு புரண்டுகொண்டே போகிறது. நடுவே அதிகாரி மேல்கோட்டைக் கழற்றச் சொல்கிறார், பிறகு போடச் சொல்கிறார். பின்னால் வரும் காவலர் கையில் பறிமுதல் செய்த பழங்கள் நிறைந்த சல்லடை. இந்தக் கதையைச் செகாவ் ஏன் நாடகமாக்கவில்லை என்பது எனக்குப் புதிர்தான், மேடைக்கான சாமான்கள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. எங்கள் ஊர் வெயிலில் மேல்கோட்டு செல்லாது என்பதால் தொப்பியும் கைக்குட்டையும் வைத்திருக்கிறோம்.

நாயை என்ன செய்வது என்பதில் குழு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே நாய் இருப்பதாக எல்லோரும் கீழே பார்த்தால் போதும் என்பது என் வாதம். காவலராக நடிப்பவர் தம் வீட்டுப் பொமரேனியனைக் கொண்டுவரத் துடிக்கிறார். "சார், அது ஒரு வேலையும் செய்யாது, சும்மா நிற்கும்" என்கிறார். சும்மா நிற்கும் நாயை விட்டுவிட்டு அதிகாரியைப் பார்க்கிற கூட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை என்றேன். அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு அதை அழைத்து வருகிறாராம், நானே பார்த்து முடிவு செய்யலாமாம்.